தொல்பொருள் பணிப்பாளர் நாயகத்துக்குத் திருகோணமலையிலிருந்து ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய பணிப்பாளர் நாயகம் அவர்களுக்கு,

திருகோணமலையின் மரபுரிமைப் பாதுகாப்பைப் படைத்துறையிலிருந்து பிரித்துப் பேச முடியாது. பிரெட்ரிக் கோட்டைக்குள் இன்றும் இராணுவம் இருக்கிறது. ஒஸ்டன்பேர்க் கோட்டை கடற்படைத் தளத்துக்குள் இருக்கிறது. இத்தகைய இடங்களில் அளவெடுக்கவும் படமெடுக்கவும் அனுமதி பெறுவதற்கு, முகாம் நடைமுறைகளை நன்கறிந்த ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவரின் சொல், பொதுமக்கள் எழுதும் பல கடிதங்களைவிட விரைவாகப் பயன்தரும். ஆகவே ஓய்வுபெற்ற படை அதிகாரிகள் மரபுரிமைப் பாதுகாப்புப் பணிக்கு முன்வருவதை நான் வரவேற்கிறேன். ஆனால், பழைய கல்வெட்டுகளில் உள்ளதை யார் வாசிப்பது, அதன் காலத்தையும் பொருளையும் யார் தீர்மானிப்பது என்பதே என் கேள்வி.

போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து, அதன் கற்களையும் கொண்டு எழுப்பிய கோட்டையே பின்னர் ஒல்லாந்தரின் கைக்கும், 1795இல் ஆங்கிலேயரின் கைக்கும் மாறி, பிரெட்ரிக் கோட்டை ஆயிற்று. அதன் வாயிலில் இணைக்கயல் (இரட்டை மீன்) சின்னமும், அக்கோயிலுக்குத் திருப்பணி செய்ததாகச் சொல்லப்படும் மன்னனின் பெயரோடு 'முன்னே குளக்கோட்டன்' எனத் தொடங்கிப் பறங்கியர் (போர்த்துக்கேயர்) செய்த அழிவைச் சொல்லும் சிதைந்த தமிழ்க் கல்வெட்டும் உள்ளன. பின்னர் மீண்டும் எழுந்த கோயிலுக்குச் செல்லும் அடியார்கள் அவ்வாயிலைக் கடந்தே போகிறார்கள். கோட்டைக்குள் ஆங்கிலேயத் தளபதி ஆர்தர் வெல்லஸ்லி தங்கிய வீட்டைத் தேடிச் செல்வோரிற் பலர் இக்கல்லை நிமிர்ந்தும் பார்ப்பதில்லை. மதிலின் உயரத்தையும் விரிசலையும் பொறியியல் தெரிந்த அதிகாரி துல்லியமாக அளந்துவிடுவார். எழுத்துகளின் வடிவமைதி கொண்டு கல்வெட்டின் காலத்தை ஆராய்வது வேறு பயிற்சி.

இதை நன்கு உணர்ந்த படை அதிகாரி ஒருவர் முன்பே இருந்தார். ஒல்லாந்தருக்கு எதிரான படையெடுப்பில் பங்குகொண்டு 1796இல் இலங்கையிலிருந்து திரும்பிய கொலின் மெக்கன்சி, பின்னர் தென்னிந்தியாவில் ஆயிரக்கணக்கான கல்வெட்டுப் படிகளையும் ஓலைச்சுவடிகளையும் சேர்த்தார். நாட்டு மொழிகளில் தமக்குப் புலமையில்லை என்பதையும், தம் உதவியாளர் காவலி வேங்கட பொறையாவின் துணையால்தான் அவ்வறிவின் வாசலுக்கு வந்தேன் என்பதையும் அவரே எழுதிவைத்தார்.

2020 ஜூன் மாதம் கிழக்கு மாகாணத் தொல்பொருள் மரபுரிமைக்கென ஜனாதிபதி செயலணி அமைக்கப்பட்டபோது நடந்தது இதற்கு நேர்மாறு. ஓய்வுபெற்ற மேஜர் ஜெனரலும் அப்போதைய பாதுகாப்புச் செயலாளருமான கமல் குணரத்ன தலைவரானார். முதலில் அறிவிக்கப்பட்ட உறுப்பினர்களுள் தமிழரோ முஸ்லிம்களோ ஒருவர்கூட இருக்கவில்லை. தம்மைச் சேர்க்காமலே தம் மரபுரிமையைத் தீர்மானித்துவிடுவார்களோ என்று இம்மாகாணத் தமிழ், முஸ்லிம் மக்களுக்கு எழுந்த அச்சத்தை வெறும் அரசியல் என்று தள்ளிவிட முடியாது. சோழர் காலத்தில் இராஜராஜப் பெரும்பள்ளி எனப் பெயர்பெற்ற வெல்கம் விகாரையின் தமிழ்க் கல்வெட்டுகள், பௌத்தப் பள்ளிக்குத் தமிழில் கொடை எழுதிவைத்த ஒரு காலத்தைக் காட்டுகின்றன. அங்கே தமிழ் எழுத்தறிஞர் இல்லாமல் பௌத்த வரலாறும் முழுமையாகாது.

எனவே, இம்மாவட்டத்தில் ஓய்வுபெற்ற அதிகாரிகளின் பங்களிப்போடு நடைபெறும் எந்தப் பணியிலும், யாழ்ப்பாணம், கிழக்குப் பல்கலைக்கழகங்களின் தமிழ்க் கல்வெட்டு, வரலாற்று அறிஞர்களை மொழிபெயர்ப்பாளர்களாக அல்லாமல், முடிவெடுக்கும் உறுப்பினர்களாக நியமிக்குமாறு வேண்டுகிறேன். முதற்பணியாகக் கோட்டை வாயில் கல்வெட்டை மீண்டும் மைப்படி (மை பூசித் தாளில் ஒற்றியெடுக்கும் படி) எடுத்து, அதன் ஒரு பிரதியைத் திருகோணமலையிலேயே பொதுமக்கள் பார்க்கக்கூடிய இடத்தில் வையுங்கள். வாயிலருகே மும்மொழி விளக்கப் பலகை ஒன்றை நிறுத்துவதற்கான இராணுவத்தின் இசைவை அந்த அதிகாரிகளே பெற்றுத் தரட்டும்.

இங்ஙனம்,
திருகோணமலை நகரவாசி ஒருவர்