எலெக்டிவ் படிவம் நீட்டுவதற்கு முன்: இசிஇ துறைத் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரிகளின் இசிஇ (எலெக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன்) துறைத் தலைவர்களுக்கு வணக்கம்.

2021 ஒழுங்குமுறைப்படி மாணவருக்கு ஆறு புரொஃபஷனல் எலெக்டிவ்கள் (துறை சார்ந்த விருப்பப் பாடங்கள்). ஐந்தாம் செமஸ்டரில் மூன்று, ஆறாம் செமஸ்டரில் மூன்று. சிப் வடிவமைப்பு, சிக்னல் பிராசஸிங், ஆர்எஃப் (ரேடியோ அதிர்வெண்), சென்சார்-ஐஓடி என்று பாடத்திட்டத்தில் எட்டு வெர்டிகல்கள், அதாவது ஒரு பிரிவைச் சேர்ந்த எலெக்டிவ்களின் தொகுதிகள். வகுப்புக்கு வருவதற்குள் பல கல்லூரிகளில் அது ஒன்றாகச் சுருங்கிவிடுகிறது. எந்த ஆசிரியர் காலியாக இருக்கிறார் என்று பார்த்துத் துறையே மூன்று பாடங்களை எழுதி, வகுப்பு முழுவதிடமும் கையெழுத்து வாங்கிவிடுகிறது. ஆள் பற்றாக்குறை தெரியாமல் பேசவில்லை. எட்டும் வேண்டாம், இரண்டு வெர்டிகல் போதும். ஆனால் வரிசை பிசகாமல் நடத்துங்கள்.

விஎல்எஸ்ஐ (சிப் வடிவமைப்பு) மையப்பாடம் ஐந்தாம் செமஸ்டரில்தான் வருகிறது. அதோடு சேர்த்து லோ பவர் ஐசி டிசைனையும் வைத்தால், சிப்பின் மிக எளிய சுற்றான சிமாஸ் இன்வெர்ட்டரை ஒரு வகுப்பில் அரிச்சுவடியாகப் படிக்கும் மாணவர், அடுத்த வகுப்பில் அதன் மின்னிழப்பைக் குறைக்கும் வழி சொல்ல வேண்டியிருக்கும். விஎல்எஸ்ஐ டெஸ்டிங்கும் அப்படித்தான். இரண்டும் ஆறாம் செமஸ்டருக்குப் போகட்டும். அனலாக் ஐசி டிசைனை ஐந்திலேயே வைக்கலாம். அதற்கு வேண்டிய சர்க்யூட்ஸ் மூன்றிலும் லீனியர் ஐசி நான்கிலும் முடிந்துவிடுகின்றன. டிஎஸ்பி (டிஜிட்டல் சிக்னல் பிராசஸிங்) நான்கிலேயே முடிவதால் சிக்னல் பிராசஸிங் வெர்டிகலுக்கும் தடையில்லை. ஆர்எஃப் பக்கம் கொஞ்சம் பார்த்து: அதற்கு அடிப்படையான டிரான்ஸ்மிஷன் லைன்ஸ் ஐந்தில்தான் வருகிறது.

வெர்டிகல் அட்டவணையில் ஒரே கிடைவரிசையில் உள்ள இரு பாடங்களை ஒரே செமஸ்டரில் எடுக்க முடியாது. ஒன்று ஐந்தில், மற்றது ஆறில் என்றால் அனுமதி உண்டு. படிவத்தில் இந்த ஒரு வரியை அச்சிடாததால்தான் பதிவு நேரத்தில் அடித்து எழுதும் கூத்து.

ஒரே வெர்டிகலில் ஆறும் எடுத்தால் ஹானர்ஸ் (சிறப்புப் பட்டம்) கிடைத்துவிடும் என்று நம்பும் மாணவர்களும் உண்டு. கிடைக்காது. ஹானர்ஸுக்குக் கூடுதலாக 18 கிரெடிட் வேண்டும்; எல்லாப் பாடங்களிலும் முதல் முயற்சியிலேயே தேர்ச்சி, சிஜிபிஏ 7.50. ஒரு அரியர் விழுந்தவரிடம் இதை மறைத்துப் பெயர் சேர்ப்பது நியாயமில்லை.

கேடன்ஸ் என்ற கட்டண சிப் வடிவமைப்பு மென்பொருளின் உரிமம் இல்லையென்று சிப் வெர்டிகலைக் கைவிட வேண்டாம். அதே வேலைக்கான எக்ஸ்ஸ்கெம், என்ஜிஸ்பைஸ், மேஜிக், நெட்ஜென் மென்பொருள்கள் எல்லாமே இலவசம். ஸ்கைவாட்டர் என்ற சிப் உற்பத்தி நிறுவனத்தின் 130 நானோமீட்டர் பிடிகே (அந்த ஆலைக்கேற்ற வடிவமைப்புக் கோப்புகளின் தொகுப்பு) 2020 முதல் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. படிவம் போகுமுன் பாட ஆசிரியர் லேப் கணினியிலேயே ஒரு இன்வெர்ட்டரை ஸ்கிமாட்டிக் (சுற்றுப்படம்) முதல் லேஅவுட், எல்விஎஸ் (லேஅவுட் சுற்றுப்படத்தோடு பொருந்துகிறதா என்ற சோதனை) வரை ஓட்டிப் பார்க்கட்டும். பிடிகே இருக்கும் ஃபோல்டரை மென்பொருள் கண்டுபிடிக்காமல் மணிக்கணக்கில் முழிப்பது முதல் லேப் வகுப்பில் நடக்க வேண்டாம்.

நான்காம் செமஸ்டரின் முதல் உள்மதிப்பீட்டுத் தேர்வு முடிந்த கையோடு ஒரு பக்கத் தாள் கொடுங்கள்: பாடம், அதற்கு முன் தெரிந்திருக்க வேண்டியது, நடத்துபவர், லேபில் உள்ள கருவி. விருப்பத்தைத் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். வகுப்பில் கை தூக்கச் சொன்னால் முன்பெஞ்சு தூக்குவதைப் பார்த்துத்தான் மற்ற கைகள் உயரும்.

இப்படிக்கு,
இசிஇ பாடம் நடத்துவோரும் சிப் துறையில் பணிபுரிவோரும்