மேகம் ‘மகேம்’ ஆனால் அது குறை இல்லையா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் மின்நூல் கருவிகள் பற்றி வந்த கட்டுரையை ஆசையாகத்தான் படிக்க ஆரம்பித்தேன். “எந்தக் கோப்பாக இருந்தாலும் இன்றைய கருவிகள் திறந்துவிடும், தமிழ் வாசகர்கள் இனி கவலைப்பட வேண்டியதில்லை” என்ற வரி வந்ததும் இதழை மூடி வைத்துவிட்டேன். கோப்பு திறப்பது வேறு, அதைப் படிக்க முடிவது வேறு. நாள் முழுக்கத் தமிழ் எழுத்தோடு புழங்குகிற உங்களுக்கு இது தெரியாததல்ல. தெரிந்தும் அந்த வரியை விட்டுவிட்டீர்களே என்பதுதான் வருத்தம்.

கண்புரை அறுவை சிகிச்சைக்குப் பிறகு, எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்கலாம் என்று கருவி வாங்கியவன் நான். முதலில் ஏற்றியது ஒரு நாவல், ஈபப் (EPUB) என்ற மின்நூல் வடிவத்தில் இருந்த கோப்பு. திறந்தது. முதல் பக்கத்திலேயே மேகம் ‘மகேம்’ என்று இருந்தது. பேரன் ‘பரேன்’ ஆகியிருந்தான். கொம்பும் இரட்டைக் கொம்பும் தங்கள் எழுத்துக்கு முன்னால் நிற்காமல், பின்னால் போய் அடுத்த எழுத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தன. ஒருங்குறியில் (யூனிகோடு) ‘ம’ முதலில் பதிவாகும், இரட்டைக் கொம்பு அதற்குப் பிறகுதான். திரையில் காட்டும்போது அதை முன்னால் கொண்டுவந்து வைப்பது கருவிக்குள் இருக்கும் மென்பொருளின் வேலை. அது அந்த வேலையைச் செய்யவில்லை, அவ்வளவுதான்.

சேவை மையத்துக்கு எழுதினேன். எழுத்துருவை மாற்றிப் பாருங்கள் என்றார்கள். ஐந்து எழுத்துருக்களை மாற்றினேன், ஐந்திலும் ‘மகேம்’தான். அதே கோப்பு என் கைப்பேசியில் ஒரு பிழையும் இல்லாமல் தெரிந்தது. இரண்டு திரைகளையும் பக்கத்தில் வைத்துப் படம் பிடித்து அனுப்பினேன். அதற்குப் பதிலே வரவில்லை.

அப்புறம் அந்த “எந்தக் கோப்பாக இருந்தாலும்” என்ற பேச்சு. ஈபப் பொதுத் தரமாக ஏற்கப்பட்டது 2007-இல். அமேசானின் மின்நூல் கருவியான கிண்டில் வந்ததும் அதே ஆண்டுதான். அந்தக் கருவிக்கு ஈபப் கோப்பை அனுப்பும் வசதி வந்தது 2022-இல். அதுவும் வழியிலேயே வேறு வடிவத்துக்கு மாற்றப்பட்டுத்தான் கருவிக்குப் போய்ச் சேருகிறது. நடுவில் பதினைந்து ஆண்டுகள் காலிபர் போன்ற மென்பொருளை வைத்து வாசகர்களே மாற்றிக்கொண்டிருந்தோம். மாற்றும்போது அடிக்குறிப்போ அத்தியாயத் தலைப்போ எங்காவது கழன்றுகொள்ளும்.

பிடிஎஃப் இன்னும் மோசம். ஏ4 தாளுக்குச் செய்த பக்கம் ஆறு அங்குலத் திரையில் எறும்பு வரிசை மாதிரி தெரியும். பெரிதாக்கினால் ஒவ்வொரு வரிக்கும் இடமும் வலமும் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். பழைய தமிழ் பிடிஎஃப்கள் பல, ஒருங்குறிக்கு முந்தைய எழுத்துருக்களில் செய்தவை. கண்ணுக்குத் தமிழாகத் தெரியும், உள்ளே இருப்பவை ரோமன் எழுத்துகளும் குறிகளும். திரைக்கு ஏற்ப வரிகளை மடக்கச் சொன்னால் வெறும் குப்பையாகக் கொட்டுகிறது. ஒரு சொல்லைத் தேடினாலும் கிடைக்காது. தமிழ்நாடு அரசு 2010-இல் ஒருங்குறியைத் தரமாக அறிவித்துவிட்டது. அதற்குப் பிறகும் பழைய எழுத்துருவிலேயே தட்டிப் பிடிஎஃப் ஆக்குகிற பதிப்பகங்களை என்ன சொல்வது?

சரி, எல்லாம் ஒழுங்காக வந்த புத்தகத்தையாவது நிம்மதியாகப் படிக்க முடிகிறதா? தமிழில் சொற்கள் நீளம். பெரிய எழுத்து வைத்தால் ஒரு வரிக்கு இரண்டு மூன்று சொல்தான் பிடிக்கும். இரண்டு ஓரமும் நேராக நிற்க வேண்டும் என்று கருவி அவற்றை இழுத்துப் பரப்பி, நடுவே விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி விடுகிறது. சொல்லை உடைக்கத் தெரிந்த கருவியோ, புள்ளி வைத்த எழுத்தில் அடுத்த வரியைத் தொடங்குகிறது. ‘பா’ மேல் வரியிலும் ‘ட்டு’ கீழ் வரியிலும் கிடந்தால் எப்படிப் படிப்பது? கையால் அச்சுக் கோத்த காலத்தில் இதை விட்டிருப்பார்களா?

எனக்கு மிகவும் வலித்தது செய்யுள்தான். குறள் வெண்பாவுக்கு முதல் அடியில் நான்கு சீர், இரண்டாம் அடியில் மூன்று. என் திரையில் மூன்று, ஒன்று, மூன்று என்று விழுகிறது. மடங்கி வந்த சீரைச் சற்று உள்ளே தள்ளி வைத்தாலே அது தனி அடி இல்லை என்று புரிந்துவிடும். ஈபப் செய்கிறவர், பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் நடை விதியில் ஒரு வரி எழுதினால் போதும். அதைக்கூடச் செய்யாமல் விற்கிறார்கள். யாப்பை இப்போதுதான் கற்கத் தொடங்கும் பிள்ளை இந்தத் திரையைப் பார்த்து எதை அடி என்று எண்ணும்?

நான் கேட்பது இரண்டுதான். இனி எந்தக் கருவியைப் பற்றி எழுதினாலும் எடை, மின்கலம், நினைவகத்தோடு, அதில் ஒரு தமிழ்ப் பக்கம் எப்படித் தெரிகிறது என்று ஒரு படமும் போடுங்கள். கொம்பு வைத்த சொற்களும் ஒரு வெண்பாவும் அதில் இருக்கட்டும். அடுத்தது, உங்கள் இதழின் மின்பதிப்பு இன்னமும் பிடிஎஃபாக மட்டும்தான் வருகிறது. அதை ஈபப் வடிவத்திலும் கொடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்