கொப்புளத்துக்குப் பின்னாலும் சிரங்கு இருக்கலாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

சிரங்கு என்றால் விரலிடுக்கில் சிறு பருக்களும் இரவில் தாங்க முடியாத அரிப்பும்தான் நமக்குத் தெரியும். அபூர்வமாக, பெரும்பாலும் வயதானவர்களுக்கு, அது நீர் கோத்த பெரிய கொப்புளங்களாகவும் வரும். பார்ப்பதற்குப் பெம்பிகொய்ட் என்ற தோல் நோயை அப்படியே ஒத்திருப்பதால் அந்நோய்க்குரிய ஸ்டீரொய்ட் மருந்தை வைத்தியர்கள் கொடுத்துவிடுவதும் உண்டு. அரிப்பு சற்று அடங்கும். சிரங்கை உண்டாக்கும், தோலுக்குள் இருக்கும் சிற்றுண்ணியோ பெருகும். எங்கள் அம்மம்மாவுக்கு இதுதான் நடந்தது. கொப்புளத்தோடு வருபவரிடம், "வீட்டில் வேறு யாருக்கும் அரிப்பு உண்டா?" என்று ஏன்தான் கேட்பதில்லையோ! தோலைச் சுரண்டி நுணுக்குக்காட்டியில் பார்த்தால் பல வேளை விடை கிடைக்கும்.

சிரங்கு என்று உறுதியானால் 5 சதவீத பெர்மெத்ரின் கிறீம் போதும், ஒரு வாரம் கழித்து மறுபடியும் பூச வேண்டும். ஆனால் அரிப்பு இல்லாதவர் உட்பட வீட்டார் எல்லோரும் ஒரே நாளில் பூசாவிட்டால் வீண்வேலை. ஒரே அறையில் பலர் தங்கும் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை போர்டிங்குகளில் இது சுலபமில்லை. அங்கெல்லாம் தமிழில் ஓர் அறிவித்தலாவது ஒட்டுமாறு மாநகர சபை சுகாதாரப் பிரிவைக் கேட்டுக்கொள்கிறேன்.

வாசகர் ஒருவர்,
கொழும்பு 13