விட்டபின் உடன் நின்றவர்களுக்கு நன்றி

அன்பு நெஞ்சங்களுக்கு,

வணக்கம். நான் சிகரெட்டை விட்டு ஓராண்டுக்கு மேல் ஆகிவிட்டது. செய்தி அறிந்தவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களுக்குப் பெரிய மன உறுதி" என்கிறார்கள். அந்தப் பாராட்டில் எனக்குச் சேர வேண்டியது சிறு பங்குதான். விடுவதற்கு ஒரு காலைப் பொழுதின் வைராக்கியம் போதும். விட்டபடியே இருப்பதற்கு ஆட்கள் வேண்டும். எனக்கு அந்த ஆட்களாக இருந்தவர்கள் நீங்கள். நீங்கள் செய்தவற்றில் பல உங்களுக்கே நினைவில் இருக்காது. எனக்கு இருக்கிறது. பெயர்களைச் சொல்லாமல் எழுதுகிறேன். படிக்கும்போது அவரவர்க்குத் தெரிந்துவிடும்.

டாக்டர் ஐயா, முதல் நன்றி உங்களுக்கு. எக்ஸ்ரே படத்தைக் காட்டி நீங்கள் என்னைப் பயமுறுத்தவில்லை. "காலையில் கண் விழித்து எத்தனை நிமிடத்தில் முதல் சிகரெட்?" என்று கேட்டீர்கள். பல் துலக்குவதற்கு முன்பே என்றேன். அந்த ஒரு கேள்வியிலேயே என் நிகோடின் தேவையைக் கணித்துவிட்டீர்கள். எழுந்த அரை மணி நேரத்துக்குள் பற்றவைப்பவருக்கு 4 மில்லிகிராம் நிகோடின் கலந்த சூயிங்கம், மற்றவர்களுக்கு 2 மில்லிகிராம் என்ற கணக்கு அதன் பின்னால் இருந்ததைப் பிறகு தெரிந்துகொண்டேன். இழுத்த புகையிலிருந்து நிகோடின் பத்து இருபது விநாடிகளில் மூளையை எட்டிவிடுகிறது, நாள் முழுவதும் அதை வாங்கிப் பழகிய மூளையில் அதைப் பற்றிக்கொள்ளும் ஏற்பிகள் பெருகிவிடுகின்றன, நிகோடின் குறையும்போது அவை எழுப்பும் தவிப்பில்தான் கை பாக்கெட்டைத் தேடுகிறது என்று மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் படம் வரைந்து விளக்கினீர்கள். "இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிட யாராவது வெட்கப்படுகிறார்களா? இதற்கும் மருந்து இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள்" என்றீர்கள். அதுவரை இதை என் குணக்கேடு என்றே பிறர் சொல்லிக் கேட்டிருந்தேன். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார முடிந்தது அப்போதுதான்.

அடுத்த அறையில் இருந்த ஆலோசகர் அம்மா, உங்களுக்கு நான் பட்ட கடன் பெரியது. உங்கள் மேசையில் கைக்குள் அடங்கும் அளவில் ஒரு கருவி இருந்தது. மூச்சை இழுத்துப் பதினைந்து விநாடி அடக்கி, பிறகு அதன் அட்டைக் குழாயில் மெதுவாக ஊதச் சொன்னீர்கள். சின்னத் திரையில் எண் ஏறிக்கொண்டே போய் இருபதைத் தாண்டி நின்றது. சிவப்பு விளக்கு எரிந்தது. என் மூச்சில் இருந்த கார்பன் மோனாக்சைடின் அளவு அது. நீங்கள் முகம் சுளிக்கவில்லை. ஓர் அட்டையில் தேதியைப் போட்டு, பக்கத்தில் அந்த எண்ணை எழுதினீர்கள். "இந்த வாயு இரத்தத்தில் ஆக்ஸிஜன் இருக்க வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. நிறுத்தினால் ஒன்றிரண்டு நாளில் இறங்கிவிடும், நீங்களே பாருங்கள்" என்றீர்கள். அடுத்த முறை ஊதியபோது எண் இரண்டிலேயே நின்றுவிட்டது. பச்சை விளக்கு. பழைய எண்ணுக்குக் கீழே புதியதை எழுதி, அட்டையை என் பக்கம் திருப்பி வைத்தீர்கள். புற்றுநோய் என்பது என்றோ வரக்கூடிய ஆபத்து. அதைச் சொல்லி ஒருவரை இன்று மாலைச் சிகரெட்டிலிருந்து தடுத்து நிறுத்துவது கடினம். அந்த அட்டையின் இரண்டு எண்கள் என்னைப் பல மாலைகளில் தடுத்தன.

சூயிங்கத்தை மெல்லக் கற்றுக்கொடுத்ததும் நீங்கள்தான். இதற்கும் பாடமா என்று கேட்பவர்கள் உண்டு, அதனால் விரிவாகவே சொல்கிறேன். மெதுவாக மென்று, நாக்கில் மிளகுக் காரம் போலச் சுருக்கென்று தெரிந்ததும் மெல்வதை நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கிவைக்க வேண்டும். காரம் அடங்கியதும் மறுபடி இரண்டு மூன்று தடவை மென்று, இடம் மாற்றி ஒதுக்க வேண்டும். இப்படி அரை மணி நேரம். சாதாரணச் சூயிங்கம் போல அசைபோட்டால் நிகோடின் உமிழ்நீரோடு வயிற்றுக்குள் போய் விக்கலும் குமட்டலும் வரும். பலர் "இது எனக்கு ஒத்துவரவில்லை" என்று தூக்கிப் போடுவது அதனால்தான். காப்பியோ பழச்சாறோ குடித்தவுடன் மென்றால் வாயில் அமிலம் இருப்பதால் நிகோடின் சரியாக ஏறாது; கால் மணி நேரமாவது இடைவெளி வேண்டும். தோலில் ஒட்டும் நிகோடின் பேட்சை ஒரே இடத்தில் ஒட்டாமல் தினமும் இடம் மாற்ற வேண்டும். பேட்சும் சூயிங்கமும் சேர்த்துப் பயன்படுத்துவது ஒன்றை மட்டும் பயன்படுத்துவதைவிட நல்ல பலன் தருகிறது. இவற்றை யாரும் எனக்கு அதற்கு முன் சொன்னதில்லை. "அதிலும் நிகோடின்தானே இருக்கிறது?" என்று வாதாடிய உறவினர்களுக்கு நீங்கள் கொடுத்த பதிலைத்தான் இன்றும் சொல்கிறேன்: அடிமையாக்குவது நிகோடின், ஆளைக் கொல்வது புகை. அதில் 7,000க்கும் மேற்பட்ட வேதிப்பொருள்கள் இருக்கின்றன; புற்றுநோய் உண்டாக்குபவை என்று உறுதியானவையே 70 அளவில் இருக்கின்றன.

நேரில் கண்டிராத சிலருக்கும் இந்த மடலில் இடம் உண்டு. அந்தச் சூயிங்கம் ஸ்வீடனில் பிறந்தது. நீர்மூழ்கிக் கப்பலில் புகைபிடிக்க வழியில்லாத மாலுமிகள் வாயில் வைக்கும் புகையிலைக்கு மாறி, தவிப்பைத் தணித்துக்கொண்டதை ஓர் ஆராய்ச்சியாளர் கவனித்து, 1967ல் ஓவெ ஃபெர்னோ என்ற மருந்து வேதியியலாளருக்கு எழுதினார். புகையில்லாமல் நிகோடினைக் கொடுக்க முடியுமா என்ற கேள்வியோடு ஃபெர்னோ பல ஆண்டுகள் உழைத்தார். 1978ல் அது முதன்முதலாக ஸ்விட்சர்லாந்தில் விற்பனைக்கு வந்தது. நான் ஒவ்வொரு துண்டையும் கன்னத்தில் ஒதுக்கியபோது அந்த மனிதரின் பொறுமையைத்தான் ஒதுக்கிவைத்திருந்தேன்.

இன்னொரு கூட்டத்தார், 1951ல் பிரிட்டனில் ஒரு கேள்வித்தாளை நிரப்பி அனுப்பிய ஏறத்தாழ 40 ஆயிரம் மருத்துவர்கள். ரிச்சர்ட் டால், ஆஸ்டின் பிராட்ஃபோர்ட் ஹில் என்ற இரு ஆய்வாளர்கள் தொடங்கிய ஆய்வு அது. தாங்கள் எவ்வளவு புகைக்கிறோம் என்று அவர்கள் ஒளிக்காமல் எழுதினார்கள். அவர்களில் ஆண் மருத்துவர்களை ஐம்பது ஆண்டுகள் பின்தொடர்ந்து 2004ல் வெளியான முடிவை என் டாக்டர் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்: 60 வயதில் விட்டால் ஏறத்தாழ 3 ஆண்டுகள் ஆயுள் கூடும், 50ல் விட்டால் 6, 40ல் விட்டால் 9, 30ல் விட்டால் 10. "இந்த வயதுக்கு மேல் விட்டு என்ன ஆகப்போகிறது?" என்று என்னிடம் சொன்னவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பதில் சொல்ல எனக்குக் கிடைத்த ஆதாரம், அந்த மருத்துவர்கள் தங்கள் வாழ்வையும் மரணத்தையும் கொடுத்து உருவாக்கியது.

என் மனைவிக்கு இதைத் தனியாகச் சொல்லியிருக்கிறேன். ஊரறியவும் சொல்ல வேண்டும். முதல் இரண்டு வாரம் நான் எரிந்து விழுந்தேன், தூங்கவில்லை, நெஞ்சு படபடத்தது. எல்லாம் நிகோடின் இல்லாத குறை என்றே நான் நினைத்தபோது, நீதான் எங்கோ படித்துவிட்டு வந்து காப்பியைப் பாதியாகக் குறைத்தாய். புகையில் உள்ள சில பொருள்கள் கல்லீரலைத் தூண்டி, காப்பியில் உள்ள கஃபீனை வேகமாகக் கரைக்க வைக்கின்றன. புகையை நிறுத்தியதும் அந்த வேகம் போய்விடுகிறது, குடிக்கும் காப்பி அதே அளவாக இருந்தாலும் இரத்தத்தில் கஃபீன் கூடிவிடுகிறது. குறைத்த சில நாட்களில் தூக்கம் வந்தது. உன்னைப் பற்றி இன்னொன்றும் எழுத வேண்டும். புகைபிடிக்கும் கணவர்களோடு வாழ்ந்த, தாம் புகைபிடிக்காத பெண்களுக்கும் நுரையீரல் புற்றுநோய் ஆபத்து கூடுகிறது என்று ஜப்பானைச் சேர்ந்த ஆய்வாளர் தகேஷி ஹிராயாமா 1981லேயே எழுதிவிட்டார். 90 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களைப் பல ஆண்டுகள் கவனித்துச் சொன்ன முடிவு அது. இது உனக்குத் தெரிந்தே இருந்தது. உன் பக்கம் இருந்த அந்த நியாயத்தை நீ ஒரு நாளும் ஆயுதமாக எடுக்கவில்லை. என் நலனைச் சொல்லித்தான் கேட்டாய்.

தொலைபேசி ஆலோசனையில் மட்டுமே அறிந்த அந்தக் குரலுக்கும் நன்றி. நான் அழைக்காத நாட்களிலும் சொன்ன நேரத்துக்கு நீங்கள் அழைத்தீர்கள். விட்டபின் இருமல் கூடியதும் பயந்துபோன என்னிடம், புகையால் செயலிழந்து கிடந்த மூச்சுக்குழாயின் நுண்மயிர்கள் மறுபடி வேலை செய்து சளியை வெளியே தள்ளுவதாலும் இப்படி இருமல் வருவதுண்டு, சில வாரங்களில் அடங்காவிட்டால் டாக்டரிடம் காட்டுங்கள் என்று நிதானமாகச் சொன்னீர்கள். ஏக்கம் தலைதூக்கினால் சில நிமிடங்களில் தானே இறங்கும், அந்த நிமிடங்களைக் கடத்தினால் போதும் என்று சொல்லி, சில முறை இணைப்பைத் துண்டிக்காமலே அவற்றை என்னோடு கடத்தினீர்கள்.

அக்கா, விட்ட முதல் ஆண்டில் சராசரியாக நான்கைந்து கிலோ எடை கூடும் என்று டாக்டர் சொன்னதும், மறுநாள் காலையிலேயே வாசலில் வந்து நின்றாய். உன் முழங்கால் வலி எனக்குத் தெரியும். அதோடு நடந்தாய்.

இனி, நண்பா, உனக்கு. நீ இன்னும் புகைபிடிக்கிறாய். அதனாலேயே நீ செய்தது எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. நான் விட்டேன் என்று சொன்ன நாளிலிருந்து என் கண்முன் நீ பற்றவைக்கவில்லை. சட்டைப் பையில் பாக்கெட் தெரியும்படி வைப்பதைக்கூட நிறுத்திவிட்டாய். அப்பா இறந்த அன்று இரவு எனக்கு எல்லாம் முடிந்துபோனது போல இருந்தது. விட்டுப் பல மாதம் ஆகியிருந்தது. உடம்புக்கு நிகோடின் தேவையே இல்லை. ஆனால் துக்கம் வந்தால் சிகரெட் என்று இத்தனை ஆண்டுகள் பழகிய மனம் அதைக் கேட்டது. வாசலில் நான்கைந்து பேர் புகைத்துக்கொண்டு நின்றார்கள். ஒருவர் பாக்கெட்டைத் திறந்து என் பக்கம் நீட்டினார். அவர் மேல் குற்றமில்லை, ஆறுதலாகத்தான் நீட்டினார். நீ என் தோளில் கை வைத்து, "வா, கொஞ்ச தூரம் நடந்துவிட்டு வரலாம்" என்றாய். அறிவுரை சொல்லவில்லை. அப்பா உனக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்த கதையைச் சொல்ல ஆரம்பித்தாய், பின்சீட்டைப் பிடித்திருப்பதாகச் சொல்லிவிட்டு எந்த இடத்தில் கையை விட்டார் என்பது வரை. தெரு முனை வரை போய்த் திரும்பும்போது நான் அழுதுகொண்டிருந்தேன், ஏக்கம் போயிருந்தது. நீ உன் பாக்கெட்டை அன்று இரவு முழுவதும் வெளியே எடுக்கவில்லை. உனக்கு அது எவ்வளவு கடினம் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்?

முதல் வாரத்துக்கு எல்லோரும் வாழ்த்துச் சொல்கிறார்கள். அந்த வாழ்த்துகளும் இனிமையானவைதான். ஆனால் மாதங்கள் கடந்தபின், விஷயம் முடிந்துவிட்டது என்று ஊரே மறந்திருக்கும் நேரத்தில் வரும் ஓர் இரவுக்கு யாராவது ஒருவர் விழித்திருக்க வேண்டும். எனக்காக நீ விழித்திருந்தாய்.

பொது இடத்தில் புகைபிடிக்கத் தடை கொண்டுவரப் போராடியவர்களுக்கும் என் வணக்கம். 2004ல் அயர்லாந்து நாடு முழுவதும் வேலையிடங்களில் புகைக்குத் தடை விதித்தபோது நான் அதை அநாவசியக் கெடுபிடி என்று சொல்பவர்கள் நடுவில் இருந்தேன். இப்போது புகை நெடி இல்லாத ஓர் அறைக்குள் நுழையும்போதெல்லாம் என் நாளில் ஒரு சோதனை குறைகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கை 2005ல் நடைமுறைக்கு வந்ததற்குப் பின்னால் இருந்த முகம் தெரியாதவர்களை நான் நன்றியோடு நினைக்கிறேன்.

போன மாதம் டாக்டரைப் பார்க்கப் போயிருந்தேன். விட்டு ஓராண்டு ஆனவருக்கு, புகையால் கூடியிருந்த மாரடைப்பு ஆபத்து ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது என்றார். பத்து ஆண்டுகள் கடந்தால், தொடர்ந்து புகைபிடிப்பவரோடு ஒப்பிடும்போது நுரையீரல் புற்றுநோயால் இறக்கும் ஆபத்தும் பாதி அளவுக்கு வந்துவிடும் என்றார். அதுவரை போக வேண்டிய தூரம் இருக்கிறது. அதனால் உங்கள் எல்லோரிடமும் ஒரு வேண்டுகோள்: "இப்போது எப்படி இருக்கிறது?" என்று கேட்பதை நிறுத்திவிடாதீர்கள். அக்கா, காலை நடையும் தொடரட்டும். நண்பா, நீ விட வேண்டும் என்று நினைக்கும் நாளில், எந்த நேரமானாலும் என்னைக் கூப்பிடு. ஆலோசகர் அம்மாவின் எண் என்னிடம் இருக்கிறது, சூயிங்கத்தை மெல்லும் முறையை நானே சொல்லித் தருகிறேன்.

அன்புடனும் நன்றியுடனும்,
உங்கள் நண்பன்