பட்டியலில் பதினெட்டாவது ஊர்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டு நான்கு நாளாக விடவில்லை. புதாற்றில் தண்ணீர் கரையைத் தொட்டுக்கொண்டு ஓடுகிறது. சம்பா நடவு முடிந்துவிட்டது. பள்ளக்காலில் மட்டும் தண்ணீர் வடியவில்லை. வடிந்த பிறகுதான் பயிர் நிற்குமா என்று தெரியும். சிவலைப் பசு கன்று போட்டிருக்கிறது, கிடேரி. தீபாவளிக்கு உன் அக்கா வந்து மூன்று நாள் இருந்துவிட்டுப் போனாள். அன்றைக்கு நீ அம்மாவிடம் இருபது நிமிடம் பேசினாயாம். நான் கொல்லையில்தான் இருந்தேன். கூப்பிட்டிருந்தால் வந்திருப்பேன்.

அது கிடக்கட்டும். பயிற்சிக்கு மனுப் போடப்போகும் இடங்கள் என்று நீ அமெரிக்காவிலிருந்து அம்மாவுக்கு அனுப்பிய பட்டியலைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

மாப்பிள்ளை அதைப் பட்டுக்கோட்டையில் அச்செடுத்துக் கொடுத்தார். இருபத்திரண்டு இடம். எனக்கு ஊர்ப் பெயர்களைத் தவிர ஒன்றும் புரியவில்லை. மனிதர் இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து விளக்கினார், தூக்கத்தை விட்டுவிட்டு. உன் உளவியல் டாக்டர் பட்டம் கையில் வருவதற்கு முன் ஓர் ஆண்டு முழுநேரப் பயிற்சி கட்டாயம் என்பதும், அமெரிக்காவிலும் கனடாவிலும் உள்ள பயிற்சி இடங்களில் பெரும்பாலானவற்றுக்கு ஆப்பிக் என்ற ஒரே அமைப்பின் வழியாக மனுப் போட வேண்டும் என்பதும் இப்போது தெரியும். டிசம்பர், ஜனவரியில் நேர்முகத் தேர்வு. பிறகு உனக்குப் பிடித்த வரிசையை நீ எழுதுவாய், அவர்களுக்குப் பிடித்த வரிசையை அவர்கள் எழுதுவார்கள், கணினி இரண்டையும் பொருத்தி பிப்ரவரியில் முடிவு சொல்லும். கிட்டத்தட்ட கல்யாணத் தரகர் வேலை. நம் ஊர்க் கல்லூரிக் கலந்தாய்வில் மதிப்பெண்தான் பேசும். நாம் போனபோது திரையில் இடம் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டே வந்தது. நீ கடைசி நிமிடத்தில் எழுந்து வெளியே வந்துவிட்டாயே, நான் சென்னையிலிருந்து தஞ்சாவூர் வரும்வரை உன்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லையே, அதை இப்போது கிளறவில்லை.

கேட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். உனக்குத் தெரியாதது எதுவும் இருக்காது, இருந்தாலும் சொல்கிறேன்.

இருபத்திரண்டு அதிகம். பதினைந்து போதும் என்கிறார்கள். அதற்குமேல் போட்டால் பெரிதாகப் பயன் இல்லையாம். ஒவ்வொன்றுக்கும் பணம் கட்ட வேண்டும், ஒவ்வோர் இடத்துக்கும் தனியாகக் கடிதம் எழுத வேண்டும். இருபத்திரண்டு கடிதத்தையும் தூக்கம் விழித்து எழுதினால் கடைசிக் கடிதம் எப்படி இருக்கும்? நாற்றுக் கட்டு மாதிரிதான். காலையில் வைத்தது நேராக நிற்கும், பொழுது சாய்ந்து வைத்தது மிதக்கும். பதினைந்து போதும்.

அடுத்தது, முன்னாள் படைவீரர் நல மருத்துவமனைகள். அமெரிக்கா முழுவதும் உங்கள் பயிற்சி இடங்களில் கணிசமான பங்கு அவர்களுடையது, சம்பளமும் நன்றாக இருக்கும் என்று மாப்பிள்ளை படித்துக்காட்டினார். எனக்கு வாயெல்லாம் பல். அரசாங்க வேலை அல்லவா! அடுத்த வரியிலேயே, அமெரிக்கக் குடிமக்களுக்கு மட்டும் என்று இருக்கிறது. உன் பட்டியலில் அவை ஒன்றும் இல்லாதது ஏன் என்று அப்போதுதான் விளங்கியது. மற்றப் பிள்ளைகள் திறந்து பார்க்கும் கதவுகளில் பல உனக்கு முதலிலேயே சாத்தியிருக்கின்றன. அதை நீ எங்களிடம் சொன்னதே இல்லை.

விசா விஷயம் இன்னொன்று. படிப்பின் பகுதியாகச் செய்யும் முழுநேரப் பயிற்சிக்கு சிபிடி அனுமதி வாங்குகிறீர்களாமே. அது பன்னிரண்டு மாதத்தை எட்டிவிட்டால் படிப்பு முடிந்தபின் கிடைக்கும் ஓபிடி என்ற வேலை அனுமதி போய்விடுமாம். உங்கள் பயிற்சியும் பெரும்பாலும் சரியாக ஒரு வருடம்தானே? ஒரு நாள் முன்னே பின்னே என்பதில் ஆளுடைய எதிர்காலம் தொங்குகிறது. வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் கேள். வாய்ப்பேச்சாகக் கேட்காதே, எழுத்தில் வாங்கிக்கொள். நான் வாய்ப்பேச்சை நம்பி ஏமாந்த கதைகள் உனக்குத் தெரியும்.

வரிசை எழுதும்போது, எந்த இடத்தில் நம்மை எடுப்பார்கள் என்று கணக்குப் போட்டு மேலே கீழே மாற்றாதே. மனசுக்கு எது முதலோ அதையே முதலில் எழுது. அந்தக் கணினி முறை அப்படி எழுதுகிறவருக்கு நஷ்டம் வராதபடிதான் அமைந்திருக்கிறதாம். உன் வரிசையை அவர்கள் பார்க்கவும் முடியாது. போக மாட்டேன் என்று தோன்றும் இடத்தை எழுதவே எழுதாதே, ஏனென்றால் பொருந்திவிட்டால் மறுக்கக் கூடாது. ஏபிஏ என்ற அமெரிக்க உளவியல் சங்கத்தின் அங்கீகாரம் இல்லாத இடம் எவ்வளவு நல்ல ஊரில் இருந்தாலும் வேண்டாம், பின்னால் உரிமம் வாங்கும்போது பல மாநிலங்களில் கேள்வி வரும். பதினைந்து போதும். இரவு பன்னிரண்டுக்குள் படுத்துவிடு.

இதெல்லாம் எழுதும்போது எனக்கே ஒரு பெருமை. நேற்று டீக்கடையில், உன் பெண் என்ன டாக்டர் என்று பெரிய வீட்டுக்காரர் மறுபடியும் கேட்டார். ஊசி போடாத டாக்டர் என்றேன். பைத்தியத்துக்கா என்றார். உங்களுக்கும்தான் என்றேன். கடையே சிரித்தது. நோயாளிகளோடு எத்தனை மணி நேரம் உட்கார்ந்தாய் என்பதை நீ நான்கு வருடமாக எழுதி வைத்திருக்கிறாயாமே, மனுவில் அந்தக் கணக்கைக் கேட்கிறார்களாமே. நம் மோட்டார் கொட்டகைச் சுவரில் நான் கரியால் கோடு போட்டு மணி எழுதுவேனே, அந்தப் புத்தி உனக்கு வந்திருக்கிறது என்று அம்மாவிடம் சொன்னேன். அவள், புத்தி என்னுடையது, பிடிவாதம் மட்டும்தான் உங்களுடையது என்றாள்.

பட்டியலில் பதினெட்டாவதாக இருந்த ஊருக்கு வருகிறேன்.

போன மாதம் நீ அதைப் பற்றிச் சொன்னபோது நான் கிண்டல் செய்தேன். நெப்ராஸ்கா பக்கம், சுற்றிலும் சோளமும் சோயாவும், பக்கத்துப் பெரிய ஊருக்கே இரண்டு மணி நேரம் கார் ஓட்ட வேண்டும் என்றாய். வருகிறவர்களில் பாதிப் பேர் விவசாயிகள், நான்கு மாவட்டத்துக்குச் சேர்த்து ஒரே ஒரு மனநல மையம் என்றாய். விவசாயி வீட்டிலிருந்து கடன் வாங்கிப் படிக்கப் போனது இன்னொரு விவசாயி ஊரில் போய் உட்காரவா, பாஸ்டனைப் போடு, சிகாகோவைப் போடு என்று நான் கத்தினேன். நீ ஒன்றும் பேசவில்லை. அம்மாவுக்கு அடுத்த வாரம் வந்த பட்டியலில் பதினெட்டாவது வரியில் அந்த ஊர் இல்லை. அந்த இடத்தில் ஹூஸ்டன் இருந்தது.

நான் சொன்னதால்தான் எடுத்தாய் என்றால், பிழை என்னுடையது. திரும்பப் போடு. முதலில் போடு என்று சொல்லவில்லை; அங்கே பனி கொட்டுமாம், உனக்கு மார்கழிக் குளிருக்கே மூக்கடைக்கும். ஆனால் எடுத்துவிடாதே. பள்ளக்காலுக்கு சிஆர் 1009 நெல், மேட்டுக்குக் குறுகிய காலப் பயிர் என்று பார்த்துப் பார்த்துப் போடுகிறவன், மகளிடம் மட்டும் பெயரைப் பார்த்து விதை வாங்கச் சொன்னேன்.

அன்றைக்கு அதே போனில்தான் அந்தக் கட்டுரைப் பேச்சும் வந்தது. அன்று முதல்தான் நீ என்னோடு பேசவில்லை. இந்தக் கடிதத்தில் அதைத் தொடாமல் முடித்துவிடலாம் என்றுதான் சுற்றிச் சுற்றி வந்தேன். முடியவில்லை.

மனுவோடு உன்னைப் பற்றி எழுத வேண்டிய கட்டுரையில் கஜா புயலை எழுதுகிறேன் என்றாய். தோப்பு முழுவதும் சாய்ந்த பிறகும் அசையாமல் நின்ற அப்பாவைப் பார்த்துத்தான் இந்தத் துறைக்கு வந்தேன் என்று தொடங்குகிறேன் என்றாய். நான், வீட்டு விஷயத்தை விற்றுத்தான் உனக்கு இடம் வாங்க வேண்டுமா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். விற்று என்ற சொல் எப்படி வாயில் வந்தது என்று இன்னும் தெரியவில்லை.

பாப்பா, அந்தக் கட்டுரையில் இருக்கும் அப்பா நான் இல்லை. அதனால்தான் கத்தினேன்.

2018 நவம்பர் 16 விடியற்காலையில் காற்று நின்றபின் தோப்புக்குப் போனேன். நூற்று நாற்பது தென்னையில் பதினொன்று நின்றன. மரத்துக்கு 1,100 ரூபாய் வந்தது. அதில் 500 வெட்டி அகற்ற. தாத்தா குடத்தில் தண்ணீர் தூக்கி வளர்த்த மரங்கள். சும்மா எடுத்துக்கொள்ளுங்கள் என்றாலும் எடுக்க ஆள் இல்லாமல் எல்லாத் தோப்பிலும் மரம் கிடந்தது. ஒரு மாதத்துக்கு மேல் கரண்ட் இல்லை. நீ சென்னையிலிருந்து மெழுகுவர்த்தியும் கொசுவர்த்தியும் கட்டிக்கொண்டு வந்தாய், நான் அறுவை மெஷினுக்கு ஆள் பிடித்துக்கொண்டு இருந்தேன். நீ பார்த்தது அந்த நான்கு நாள்.

அடுத்த பொங்கலுக்கு வந்தபோது, வகுப்புப் பயிற்சி என்று, மனச்சோர்வை அளக்கும் ஒரு தாள் கொண்டுவந்தாய். கடந்த இரண்டு வாரங்களில் என்று தொடங்கும் ஒன்பது கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து மூன்று வரை, கூடக் கூட மோசம். திண்ணையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக வாசித்தாய். தூக்கம் எப்படி அப்பா? நன்றாகத் தூங்குகிறேன். சாப்பாடு? அம்மாவைக் கேள். வேலையில் நாட்டம்? விவசாயிக்கு நாட்டம் என்ன, வேலை இருக்கிறது, செய்கிறேன். செத்துப் போனால் தேவலை என்று தோன்றுகிறதா என்ற ஒன்பதாவது கேள்வியை வாசிக்கும்போது உன் குரல் தாழ்ந்தது. சே, அதெல்லாம் எனக்கு ஏன் வருகிறது என்று சிரித்தேன். மொத்தம் இரண்டு வந்தது. நீங்கள் தேறிவிட்டீர்கள் அப்பா என்று சொல்லித் தாளை மடித்தாய். உன் முகத்தில் அவ்வளவு நிம்மதி.

அப்போது நான் தூங்கி இரண்டு மாதம் ஆகியிருந்தது. ராத்திரி எழுந்து மோட்டார் கொட்டகையில் போய் உட்கார்ந்திருப்பேன். அம்மா பின்னாலேயே வந்து வரப்பில் நிற்பாள், ஒன்றும் கேட்க மாட்டாள். ஒன்பதாவது கேள்விக்கும் நான் உண்மை சொல்லவில்லை.

பொங்கல் முடிந்து நீ பஸ் ஏறிய மறுவாரம் அம்மா என்னைத் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துப் போனாள். சர்க்கரைக்கு என்று எல்லோரிடமும் சொன்னோம். உன்னிடம் சொல்லக் கூடாது என்று அவளிடம் சத்தியம் வாங்கியது நான்தான். அவளைத் திட்டாதே. இத்தனை வருடம் அதைச் சுமந்தவள் அவள். மனநலப் பிரிவில் உன் வயதுப் பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். அவளும் ஒரு தாளோடுதான் தொடங்கினாள். நான் எல்லாவற்றுக்கும் இல்லை, இல்லை என்று வந்தேன். தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, எத்தனை மரம் ஐயா என்று கேட்டாள். சொன்னேன். எங்கெங்கே நின்றது என்றாள். வடக்கு வரப்பிலிருந்து வரிசை வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். கிணற்றடிச் செவ்விளநீர் வந்தபோது என்னால் பேச முடியவில்லை. வெளியே அத்தனை கூட்டம், அவள் அவசரப்படவே இல்லை. எட்டு மாதம் மாத்திரை சாப்பிட்டேன், சர்க்கரை மாத்திரை டப்பாவில் போட்டு வைத்துக்கொண்டு. இப்போது தூக்கம் வருகிறது. இது பொய் இல்லை, அம்மாவைக் கேட்டுப் பார்.

நெப்ராஸ்காவிலும் என் மாதிரி ஆட்கள் வந்து உட்காருவார்கள். நீ தாளை நீட்டினால் பூஜ்யம், பூஜ்யம் என்று சொல்லிவிட்டு எழுந்து போவார்கள்.

கட்டுரையில் எழுது. அசையாமல் நின்றார் என்பதை மட்டும் எடுத்துவிடு. மற்றது உன் இஷ்டம். ஊரில் யாரும் ஆங்கிலத்தில் இதைப் படிக்கப் போவதில்லை, படித்தால் படிக்கட்டும்.

இதைத் தபாலில் போட்டால் உன் கெடு முடிந்த பிறகுதான் வந்து சேரும். படம் பிடித்து அனுப்பப் பேரன் கற்றுக் கொடுத்திருக்கிறான். நானே எடுத்து அனுப்புகிறேன், மாப்பிள்ளை பார்க்க வேண்டாம். கடைசிப் படம் கடிதம் இல்லை. உன் பழைய பெட்டியைப் பரணிலிருந்து இறக்கித் தேடினேன். அந்தத் தாள் அப்படியே இருக்கிறது, உன் பென்சில் வட்டங்களோடு. அந்தப் பொங்கலுக்கு என்ன பதில் சொல்லியிருக்க வேண்டுமோ அதைச் சிவப்பு மையில் வட்டமிட்டிருக்கிறேன், ஒன்பதையும். நான் கூட்டினால் ஒரு முறை பத்தொன்பது வருகிறது, ஒரு முறை இருபது. நீ கூட்டிப் பார்.

அப்பா