ஆய்வுத் தலைப்பைக் கருவியிலிருந்து தொடங்கலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

எம்.எட். மாணவர்கள் ஆய்வுத் தலைப்போடு நெறியாளரின் அறை வாசலில் காத்திருக்கும் காலம் இது. கல்வித் தொழில்நுட்பத்தை எடுத்துக்கொண்டவர்களின் தாளில் பெரும்பாலும் ஒரே வாக்கியம்தான் இருக்கும்: 'ஒன்பதாம் வகுப்பு அறிவியல் கற்பித்தலில் இன்ன கருவியின் பயனுறுதி'. அந்த 'இன்ன'வின் இடத்தில் முன்பு குறுந்தகடு இருந்தது. பிறகு பவர்பாயின்ட், ஸ்மார்ட் போர்டு, கைப்பேசிச் செயலி என்று வந்து, இப்போது செயற்கை நுண்ணறிவு உட்கார்ந்திருக்கிறது. கருவி மாறினாலும் கடைசி அத்தியாயம் மாறுவதில்லை. கருவியோடு படிக்கும் சோதனைக் குழு எப்போதும் ஜெயிக்கும்.

ஜெயிக்காமல் என்ன செய்யும்? சோதனைக் குழுவுக்குப் புதிய படங்கள், புதிய எடுத்துக்காட்டுகள், கூடுதல் நேரம், ஆர்வத்தோடு வந்து நிற்கும் ஆய்வாளர், போதாததற்குப் புதுமை மயக்கம். கருவி இல்லாத கட்டுப்பாட்டுக் குழுவுக்கு வழக்கமான ஆசிரியர், வழக்கமான ஆறாவது பீரியட். ஒரே சமயத்தில் ஐந்து விஷயங்களை மாற்றிவிட்டு, மதிப்பெண் கூடியதற்குக் கருவிதான் காரணம் என்று எழுதுகிறோம். அமெரிக்கக் கல்வியியலாளர் ரிச்சர்ட் கிளார்க் 1983-லேயே இதைச் சுட்டிக்காட்டினார். மளிகையைக் கொண்டுவரும் வண்டியால் நம் உடம்பு தேறுவதில்லை, கற்பிக்கும் ஊடகமும் அந்த வண்டி மாதிரிதான் என்றார். இன்னொரு அமெரிக்க ஆய்வாளரான ராபர்ட் கோஸ்மா இதை மறுத்து, ஊடகத்துக்கென்று உள்ள திறன்களைப் பாடத்தின் வடிவமைப்பு பயன்படுத்திக்கொண்டால் கற்றல் மாறும் என்று 1990-களில் வாதிட்டார். இருவரில் யார் பக்கம் நின்றாலும், 'வீடியோவா, கரும்பலகையா' என்ற போட்டியிலிருந்து உருப்படியான விடை வராது.

தலைப்பு மாணவர் செய்யும் பிழையிலிருந்து தொடங்க வேண்டும். 0.35, 0.8 இரண்டில் எது பெரியது என்று ஏழாம் வகுப்பில் கேட்டுப் பாருங்கள். 35 எட்டைவிடப் பெரியது என்பதால் 0.35 என்று சொல்பவர்கள் நிச்சயம் இருப்பார்கள். தசமப் புள்ளிக்குப் பிறகு இலக்கங்கள் கூடினால் எண்ணும் பெரிது என்பது அவர்கள் கணக்கு. இது கவனக்குறைவால் வருவதல்ல. முழு எண்களில் சரியாக வேலை செய்த விதியை அப்படியே இங்கே தூக்கிவந்துவிடுகிறார்கள். இந்தப் பிழையைக் குறைக்க, எண்கோட்டில் புள்ளியை மாணவரே விரலால் நகர்த்தி வைப்பது உதவுமா, அதே எண்கோட்டை அசைபடமாகப் பார்ப்பதே போதுமா? இதுதான் ஆய்வுக் கேள்வி. இரண்டும் திரையில் நடப்பவை. எண்கள், விளக்கம், நேரம் எல்லாம் ஒன்றே, நகர்த்துவது யார் என்பது மட்டும் வேறு. எந்தப் பக்கம் விடை வந்தாலும், அடுத்து பாடம் தயாரிப்பவருக்கு அது பயன்படும்.

இதில் இன்னொரு வசதியும் உண்டு. இரண்டு வடிவமும் திரையில் இருப்பதால், ஒரே வகுப்பு மாணவர்களைச் சீட்டுக் குலுக்கி இரண்டாகப் பிரித்துவிடலாம். 'ஏ' பிரிவு சோதனைக் குழு, 'பி' பிரிவு கட்டுப்பாட்டுக் குழு என்று வைத்தால், இரண்டு பிரிவுக்கும் உள்ள ஆசிரியர் வேறுபாடு முடிவில் கலந்துவிடும், பிறகு எந்தப் புள்ளியியலாலும் அதைப் பிரித்தெடுக்க முடியாது. ஆனால் இரு குழுவையும் ஒரே நேரத்தில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார வைக்கக் கூடாது. கண் அடுத்த திரைக்குத்தான் போகும்.

வினாத்தாளில்தான் பலரும் சறுக்குகிறார்கள். 0.57, 0.3 இரண்டில் எது பெரியது என்று கேட்டால், மேலே சொன்ன தவறான விதியைப் பிடித்துக்கொண்டிருக்கும் மாணவரும் சரியாகவே பதில் சொல்வார். அந்த வகை வினாக்களே நிறைந்த தேர்வில் பிழை கண்ணில் படாது. 0.35-0.8, 4.125-4.7 போன்ற இணைகளும், 0.57-0.3 போன்றவையும், 0.4-0.40 போன்ற சம இணைகளும் கலந்திருக்க வேண்டும். மொத்த மதிப்பெண்ணோடு, எந்த வகையில் யார் தவறினார் என்பதையும் தனியே எண்ண வேண்டும். 30 வினா தேவையென்றால் 50 எழுதி, ஆய்வில் சேராத வேறொரு பள்ளியில் முன்னோட்டம் பாருங்கள். மொத்த மதிப்பெண்ணில் மேல் 27 சதவீதத்தினரையும் கீழ் 27 சதவீதத்தினரையும் ஒப்பிட்டு, பிரித்தறியும் திறன் (சரியாக விடை சொன்னவர்களின் விகிதத்தில் இரு தரப்புக்கும் உள்ள வேறுபாடு) 0.3-க்குக் கீழே உள்ள வினாக்களைக் கழித்துவிடலாம்.

மாதிரியின் அளவைப் பற்றி ஒரு வார்த்தை. '30 பேர் போதும்' என்பது நம் கல்லூரிகளில் வேதவாக்கு. மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகின்றன என்பதைக் காட்டும் திட்ட விலக்கத்தில் பாதியளவு வேறுபாட்டை 5 சதவீத முக்கியத்துவ மட்டத்தில் (இல்லாத வேறுபாட்டை இருப்பதாகச் சொல்லிவிடும் வாய்ப்பு 5 சதவீதம்), 80 சதவீத வாய்ப்போடு கண்டுபிடிக்க, இரு குழுவின் சராசரியை ஒப்பிடும் டி-சோதனையில் குழுவுக்கு 64 பேர் தேவை. வேறுபாடு 0.8 திட்ட விலக்கம் அளவுக்குப் பெரிதாக இருந்தால் 26 பேர் போதும், ஆனால் திரை வடிவத்தில் ஒரே ஒரு அம்சத்தை மாற்றியதால் அவ்வளவு பெரிய வேறுபாடு வருவது அரிது. அவ்வளவு மாணவர்கள் கிடைக்காவிட்டால், பாடத்துக்கு முன் வைத்த முன்தேர்வின் மதிப்பெண்ணை உடன்மாறியாகச் சேர்த்து, தொடக்க வேறுபாட்டைக் கழித்து ஒப்பிடும் ஆன்கோவா செய்யலாம். முன்தேர்வுக்கும் பின்தேர்வுக்கும் ஒட்டுறவு (இரண்டும் சேர்ந்து மாறும் அளவு, உச்சம் 1) 0.7 இருந்தால், தேவையான எண்ணிக்கை ஏறத்தாழப் பாதியாகக் குறையும்.

தலைப்புக்கு ஒப்புதல் வாங்கும் முன் காலண்டரையும் பாருங்கள். பத்தாம் வகுப்பையும் பன்னிரண்டாம் வகுப்பையும் எந்தத் தலைமையாசிரியரும் விட்டுத்தர மாட்டார். செப்டம்பரில் காலாண்டுத் தேர்வு, அக்டோபரிலிருந்து தீபாவளி விடுமுறையும் மழை விடுமுறையும், டிசம்பரில் அரையாண்டு. பாடம் முடிந்து மூன்று வாரம் கழித்து வைக்கும் நினைவுத் தேர்வும் காலாண்டுக்கு முன்பே முடிய வேண்டும், இல்லையென்றால் தேர்வுக்காகப் படித்தது முடிவில் கலந்துவிடும். அப்படியானால் ஜூலை மத்தியில் பள்ளிக்குள் இருந்தாக வேண்டும். அரசுப் பள்ளி என்றால் முதன்மைக் கல்வி அலுவலரின் அனுமதிக் கடிதம், பெற்றோர் கையெழுத்திடும் ஒரு பக்கத் தமிழ் ஒப்புதல் படிவம் இரண்டும் ஜூனிலேயே கையில் இருக்க வேண்டும்.

அரசுப் பள்ளிகளின் கணினி ஆய்வகமான ஹைடெக் லேபை நம்பித் திட்டமிடுபவர்கள் ஒருமுறை நேரில் போய் எண்ணிப் பார்ப்பது நல்லது. எத்தனை கணினி இயங்குகிறது, இணையம் இல்லாமல் பாடம் திறக்கிறதா, ஆன்லைன் தேர்வுக்காக லேபை எந்த நாட்களில் எடுத்துக்கொள்கிறார்கள்? ஒரு கணினிக்கு இருவர் உட்கார்ந்தால், புள்ளியை நகர்த்தியது யார் என்றே தெரியாமல் போகும், மேலே சொன்ன ஆய்வு அங்கேயே முடிந்தது. எழுத்துருவையும் கவனியுங்கள். பழைய தமிழ் எழுத்துருவான பாமினியில் தட்டிய வினாக்கள், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். யூனிகோடில் செய்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

வடிவமைப்பில் ஆர்வமுள்ளவர்களுக்கு வேறொரு பள்ளம் இருக்கிறது. முழுச் செயலியையே உருவாக்கப் போய், நிரல் எழுதுவதிலேயே ஆண்டு கரைந்துவிடும், தரவு திரட்ட நாள் இருக்காது. ஒரு கருத்து, மூன்று திரை போதும். எண்கோட்டை இலவசக் கணித மென்பொருளான ஜியோஜீப்ராவிலேயே செய்துவிடலாம். ஐந்து மாணவர்களிடம் தனித்தனியாகக் கொடுத்து, எங்கே விரல் தயங்குகிறது என்று பார்த்து, திருத்தி, இன்னும் ஐந்து பேரிடம் கொடுங்கள். ஒவ்வொரு திருத்தத்துக்கும் காரணத்தைத் தேதியோடு குறித்து வைத்தால், அந்தக் குறிப்பேடே ஆய்வேட்டின் ஓர் அத்தியாயம். அமெரிக்கக் கல்வி ஆய்வாளர்கள் ஆன் பிரவுனும் ஆலன் காலின்ஸும் 1992-ல் முன்வைத்த வடிவமைப்புச் சோதனை முறை இந்த வழியில் வந்ததுதான். ஆனால் இதை ஏற்கும் தேர்வாளர் நம்மிடம் குறைவு. 'டி-மதிப்பு எங்கே?' என்பதே முதல் கேள்வி.

ஏற்கெனவே செய்யப்பட்ட தலைப்பா என்று பார்க்க ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான ஷோத்கங்காவில் தேடினால் மட்டும் போதாது. அங்கே இருப்பவை பெரும்பாலும் முனைவர் பட்ட ஆய்வேடுகள். எம்.எட். ஆய்வேடுகள் கல்லூரி நூலக அலமாரியில்தான் தூசி படிந்து கிடக்கின்றன, அவற்றைப் புரட்டியாக வேண்டும்.

பல்கலைக்கழகங்களுக்கும் ஒரு வேண்டுகோள். முன்னோட்டத்துக்குப் பிறகு ஒருமுறை, நெறியாளர் கையெழுத்து மட்டுமே வைத்து, தலைப்பைத் திருத்திக்கொள்ள அனுமதியுங்கள். 50 வினாவை முன்னோட்டம் பார்த்த பிறகுதான், தன் மாணவர்கள் எந்தப் பிழையைச் செய்கிறார்கள் என்பதே ஆய்வாளருக்குத் தெரியவரும்.

இப்படிக்கு,
ஆய்வு நெறியாளர் ஒருவர்,
திருநெல்வேலி.