பாப்பாவின் கறுப்பு நகப்பூச்சு

லீட்ஸ்,
நவம்பர், ஞாயிறு சாயங்காலம்

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை எழுதுறேன். நான் நல்லா இருக்கேன். நீ, மதினி, அப்பா, அம்மா, பாப்பா, தம்பி எல்லாரும் சுகம்தானே.

உன் கடிதம் வியாழக்கிழமை வந்து சேர்ந்தது. அம்மாவுக்கு மூட்டுவலி குறைஞ்சிருக்குன்னு படிச்சதும் நிம்மதியாச்சு. மத்தபடி கடிதத்துல முக்கால்வாசி உன் மக பாப்பா பேச்சுதான். நகத்துக்குக் கறுப்பு பூசுறா, கண்ணைச் சுத்தி மையை அப்புறா, பெரியம்மா வீட்டு வளைகாப்புக்குக் கறுப்புச் சுடிதார்தான் போடுவேன்னு மல்லுக்கு நின்னா, கேட்டா ‘நான் கோத்’ங்கறா. அம்மா அதைத் துக்கம்னு நினைக்கிறாங்க, நீ செல்போன் படுத்துற பாடுன்னு நினைக்கிறே. ‘இது துணி விஷயமா, பாட்டு விஷயமா, அதை மட்டும் தெளிவா எழுது’ன்னு கேட்டிருக்கே. கோத்ங்கறது இருட்டான ஒரு வகை ராக் பாட்டையும் கறுப்பு உடுப்பையும் சுத்தி இங்கிலாந்துல உருவான கூட்டம். அது வளர்ந்த ஊர்லதான் நான் இருக்கேன், அதனால விரிவாவே எழுதுறேன். மதினிக்கும் படிச்சுக் காட்டு. இதுல பாதி அவங்களுக்கு.

இங்கே இப்போ நாலு மணிக்கே விளக்கு போடணும். குளிர் பெருசா ஒன்னும் இல்ல, ரெண்டு ஸ்வெட்டர் போட்டுக்கிட்டா ஹீட்டரே வேண்டியிருக்கிறதில்ல. சாயங்காலம் கீழ்வீட்டு அம்மா கூப்பிட்டா அங்கே போயிருவேன், அவங்க அறை எப்பவும் கதகதப்பா இருக்கும். பொங்கலுக்கு அனுப்பின போட்டோவுல கறுப்புத் தொப்பியும் விரலெல்லாம் வெள்ளி மோதிரமுமா என் பக்கத்துல நிக்கிறாங்களே, அவங்கதான். வயசு அறுபதைத் தாண்டிருச்சு. தபாலாபீஸ்ல வேலை பார்த்து ஓய்வு பெற்றவங்க. பள்ளிக்கூடம் முடிச்ச நாள்லேர்ந்து கோத். அவங்க அறையில ஒரு சுவர் முழுக்க எல்பி ரெக்கார்டு, எதிர்ச் சுவர்ல தையல் மெஷின். நான் எழுதப்போறதுல பெரும்பகுதி அந்த ரெண்டு சுவருக்கும் நடுவுல தெரிஞ்சுகிட்டது.

முடிவை முதல்லயே சொல்லிடுறேன். பாட்டுதான் பெருசு. ஆனா துணியை வெறும் வேஷம்னு ஒதுக்குறவங்களுக்கும் இது பாதிதான் தெரியும்.

1979-ல நார்தாம்ப்டன் ஊர்லேர்ந்து பௌஹவுஸ்னு நாலு பேர் சேர்ந்த குழு ஒன்னு ‘பெலா லுகோசிஸ் டெட்’னு ஒரு பாட்டு வெளியிட்டாங்க. 1931-ல வந்த டிராகுலா படத்துல நடிச்ச பெலா லுகோசியை வச்சுப் பாடினது. ஒன்பது நிமிஷத்துக்கு மேல ஓடும். முதல்ல டிரம் விளிம்புல குச்சி படுற சத்தம் மட்டும், அது எதிரொலிச்சு எதிரொலிச்சு மங்கும். அப்புறம் கீழ்ச்சுரம் வாசிக்கிற பேஸ் கிடார் படிப்படியா கீழே இறங்கும். கிடார் சுரம் பிடிக்கிறதைவிடக் கீறுறதுதான் அதிகம். பாடுறவர் வாயைத் திறக்கவே ரெண்டரை நிமிஷத்துக்கு மேல ஆகும். அதே 1979-ல மான்செஸ்டர் பக்கத்து ஜாய் டிவிஷன் குழுவோட முதல் ஆல்பம், 1981-ல சூக்ஸி அண்ட் த பான்ஷீஸ் குழுவோட ‘ஜூஜூ’, த க்யூர் குழுவோட ‘ஃபெய்த்’ ஆல்பங்கள் வந்துச்சு. லண்டன் சோஹோவுல பேட்கேவ் கிளப் திறந்தது 1982 ஜூலையிலதான். கிழிஞ்ச வலைச் சாக்ஸ், கறுத்த உதடு, கலைச்சு நிறுத்தின முடி, இதெல்லாம் ஒரு கூட்டத்தோட அடையாளமா ஊருக்குத் தெரிய வந்தது அதுக்கப்புறம்தான். அப்போ பாட்டுக்கு மூணு வயசு.

துணிதான் முதல்னு வாதாடுறவங்களுக்கும் ஒரு நல்ல ஆதாரம் இருக்கு, அதை மறைக்கக் கூடாது. பான்ஷீஸ் குழுவுல பாடின சூக்ஸி 1976-ல லண்டன்ல முதல் தடவை மேடை ஏறினப்பவே ஆள் பார்க்க ஊரைத் திரும்ப வைக்கிற மாதிரி இருந்தாங்க. முதல் ரெக்கார்டு வந்தது 1978-ல. ரெண்டு வருஷம் தோற்றம்தான் முன்னால நடந்துச்சு. ஆனா ‘ஜூஜூ’ மாதிரி ஒன்னு வராம இருந்திருந்தா அவங்க கண்மையை இன்னிக்கு யார் ஞாபகம் வச்சிருப்பாங்க?

வாசிக்கிற முறையை உனக்காக எழுதுறேன். நம்ம மெல்லிசைக் கச்சேரியில மெட்டைச் சுமக்கிறது குரலும் கீபோர்டும். இங்கே அந்த வேலை பேஸ் கிடாருக்கு. சோகச் சாயல் உள்ள மைனர் ஸ்கேல், விரலுக்குப் பதிலா பிளெக்ட்ரம்ங்கற வில்லை, தந்தி முடியுற பிரிட்ஜ் பக்கமா மீட்டணும். அப்போதான் ஒவ்வொரு சுரமும் தனித்தனியாக் கேட்கும். கிடார்காரர் பல சுரத்தை ஒன்னா அடிக்கிற கார்டு போட்டு நிரப்பக் கூடாது. தந்தி தந்தியாப் பிரிச்சு வாசிச்சு, சத்தத்தை அலைய வைக்கிற கோரஸ் இல்லேன்னா ஃப்ளாஞ்சர் எஃபெக்ட் வழியா விட்டு, கடைசியில எதிரொலி தர்ற டிலே. வேகம் நிமிஷத்துக்கு 120 தாள அடின்னா ஒரு அடி 500 மில்லி செகண்ட், டிலேயை அதுல முக்கால் பங்கு, 375-ல வைக்கணும். அடிக்கும் அடிக்கும் நடுவுல எதிரொலி விழுந்து ஒரு கிடார் ரெண்டாக் கேட்கும். எதிரொலி மூணு தடவைக்கு மேல திரும்பினா அடுத்த சுரத்தோட மோதும். புதுசா ஆரம்பிக்கிறவங்க கெடுக்கிற இடம் ரிவெர்ப், அதாவது பெரிய மண்டபத்துல கேட்கிற மாதிரி முழக்கம். இருட்டான பாட்டுன்னு நினைச்சு பேஸ், கால்ல அடிக்கிற கிக் டிரம் மேலயும் அள்ளிப் போட்டுடுவாங்க. கீழ்ச்சத்தம் எல்லாம் ஒன்னோட ஒன்னு கலந்து குழகுழன்னு ஆகிடும், தாளமே தெரியாது. பேஸும் கிக்கும் எஃபெக்ட் இல்லாமச் சுத்தமா இருக்கணும். எதிரொலி கிடாருக்கும் குரலுக்கும் போதும்.

தாளத்துக்கு ரெண்டு வழி. ஒன்னு பான்ஷீஸ் குழுவின் பட்ஜி மாதிரி: ஹை-ஹாட்ங்கற தாளத்தட்டை விட்டுட்டு டாம் டிரம்களையே சுத்திச் சுத்தி வாசிக்கிறது. இன்னொன்னு இந்த ஊர் வழி. 1980-ல லீட்ஸ்ல ஆரம்பிச்ச த சிஸ்டர்ஸ் ஆஃப் மெர்ஸி குழுவுல பாடுற ஆண்ட்ரூ எல்ட்ரிச்தான் முதல்ல டிரம்மும் அடிச்சார். அப்புறம் மனுஷனே வேண்டாம்னு ஒரு ரிதம் மெஷினை உட்கார வச்சு, டாக்டர் அவலாஞ்ச்னு பேர் வச்சு, குழுவுல ஒருத்தராவே கணக்குல எடுத்துக்கிட்டாங்க. முதல் பெட்டி பாஸ் கம்பெனியோட டிஆர்-55. கிக், ஸ்னேர், ரிம், ஹை-ஹாட், நாலே சத்தம். உன் எலக்ட்ரானிக் டிரம் ஆக்டோபேடுல இருக்கிற அத்தனையிலும் நாலை மட்டும் வச்சுக்கிட்டு, நடுவுல ஃபில்னு அலங்கார அடி போடாம, பதினாறு தட்டையும் ஒரே இடைவெளியில விட்டுப் பாரு. அதுமேல ஆண்குரல் அடித்தொண்டையில மெதுவா நகரணும். தாளம் கொஞ்சம்கூட அசையாததாலதான் அந்தக் குரல்ல இருக்கிற துக்கம் தெரியுது. இதைச் செஞ்ச எல்ட்ரிச் தன் குழுவுக்குக் கோத்ங்கற பேரே பொருந்தாதுன்னு காலம் பூரா சொல்லிட்டிருக்கார். அவர் போட்ட கறுப்புத் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் மட்டும் ஊர் ஊராப் போயிருச்சு. இங்கே மெரியன் சென்டர் கடை வளாகத்து அடித்தளத்துல இருந்த லே ஃபோனோகிராஃபிக் கிளப்ல, நடுவுல நின்ன தூணைச் சுத்தி இந்தப் பாட்டுக்குத்தான் ஆடுவாங்களாம். கிளப் இப்போ இல்ல. பாட்டு மேல எனக்கு வந்த மதிப்பு அந்தம்மா அதைப் பத்திப் பேசுறதைக் கேட்டுத்தான்.

மதினி, இனி உங்களுக்கு. கடையில வாங்குற கறுப்பு எதுவும் ஒன்னோட ஒன்னு சேராது. வெயில்ல ஒன்னு நீலம் காட்டும், ஒன்னு பச்சை காட்டும், ஒன்னு செம்பழுப்பு. அதனால இவங்க பழைய துணிகளைச் சேர்த்து ஒரே தொட்டியில சாயம் போடுறாங்க. உலர்ந்த துணியை முதல்ல எடை போடணும். கையால போடுற சாயம் 50 கிராம் பொட்டலம், 250 கிராம் துணிக்குத்தான் தாங்கும். 40 டிகிரி வெந்நீர் ஆறு லிட்டர், உப்பு 250 கிராம். முதல் கால் மணி நேரம் கையெடுக்காம கிளறணும், அப்புறம் முக்கால் மணி நேரம் அப்பப்போ புரட்டினா போதும். நல்ல கறுப்பு வேணும்னா ரெண்டு பொட்டலம், இல்லேன்னா சாம்பல் நிறத்துல நின்னுடும். பருத்தி, லினன், விஸ்கோஸ் பிடிக்கும், பாலியெஸ்டர் பிடிக்காது. தையல் நூல் பாலியெஸ்டரா இருந்தா துணி கறுத்து, தையல் மட்டும் பழைய நிறத்துல பல்லைக் காட்டும். துவைக்கும்போது உள்பக்கம் வெளியே திருப்பிப் பச்சைத் தண்ணியில அலசி, நிழல்ல காயப் போடணும்.

இடுப்பை இறுக்கி நாடாவால கட்டுற கார்செட் உடுப்பு தைக்கிறது உங்க கைக்குப் பிடிக்கும். நம்ம வெயிலுக்கு யாரும் கட்ட வேண்டாம், வேலைப்பாட்டுக்காகச் சொல்றேன். கூட்டில்னு நெருக்கமா நெய்த துணி. அளவு, இடுப்புச் சுத்தளவுல நாலு அங்குலம் குறைச்சு. முதுகுப்பக்கம் ரெண்டு அங்குல இடைவெளி விழணும். வளையுற இடத்துக்குச் சுருள் எஃகுக் கம்பி, முதுகுல நாடாத் துளைகளுக்கு ரெண்டு பக்கமும் தட்டை எஃகுப் பட்டை. துளையைக் கத்தரியால வெட்டினா கிழிஞ்சுக்கிட்டே போகும், குத்தூசியால நூலை விலக்கித்தான் ஓட்டை போடணும். வளையம் மேலும் கீழும் ரெண்டு துண்டு உள்ளதா இருக்கணும். உள்ளே இடுப்புக்கு ஓர் அங்குல நாடா வச்சுத் தைக்காம விட்டா, இழுக்கிற இழுப்பெல்லாம் துணி மேல விழுந்து தொளதொளன்னு ஆகிடும். கட்டுற கயிறு மேலேர்ந்தும் கீழேர்ந்தும் வந்து இடுப்புல சேரணும்.

நகை பெரும்பாலும் விட்பி கடற்கரையில எடுக்கிற ஜெட்ங்கற கறுப்புக் கல். கோடிக்கணக்கான வருஷத்துக்கு முந்தின மரம் கல்லானது. விக்டோரியா ராணி 1861-ல கணவர் இறந்த பிறகு துக்கம் காக்க, நாடு பூரா அதுக்குக் கிராக்கி வந்துச்சு. கையில எடுத்தா கனமே இருக்காது, சில்லிடவும் செய்யாது. மெருகில்லாத பீங்கான்ல உரசினா பழுப்புக் கோடு விழும். கனமா, குளிர்ச்சியா இருந்தா அது கண்ணாடி. டிராகுலா கதையில ஒரு பகுதி விட்பியில நடக்கிறதால 1994-லேர்ந்து அங்கே கோத் திருவிழாவும் கூடுது. அங்கே போட்டோவுக்காக உடுத்தி வர்றவங்களும் நிறைய, பாட்டுக்காக வர்றவங்களுக்கு அதுல மனத்தாங்கல் உண்டு. எனக்கு அந்தக் கோபம் பாதி நியாயமாத்தான் படுது. ஒரு உடுப்புக்கு இத்தனை வேலை செய்றவங்க ஆழமில்லாதவங்கன்னு சொல்ல மாட்டேன்.

ஆனா இதைப் பாரு. அந்தம்மா இத்தனை வருஷமும் பகல்ல தபாலாபீஸ் சீருடையிலதான் இருந்தாங்க. இப்போ விரல் மடங்காததால கார்செட் நாடாவை இழுத்துக் கட்ட முடியல. கோத்ங்கறது துளியும் குறையல, ஏன்னா பாட்டு கூடவே இருக்கு. பாட்டை எடுத்துட்டா அந்த அலமாரி வெறும் கறுப்புத் துணிதான்.

துணி முக்கியமாகுற இடம் தெரு. 2007 ஆகஸ்ட்ல பக்கத்து லங்காஷயர்ல, பேக்கப் ஊர்ப் பூங்காவுல, சோஃபி லங்காஸ்டர்னு 20 வயசுப் பெண்ணையும் அவங்க காதலரையும் பையன்கள் கூட்டமாச் சேர்ந்து அடிச்சாங்க. அவர் பிழைச்சார், சோஃபி இறந்துட்டாங்க. உடுத்தின விதம் தவிர வேற காரணம் இல்ல. என்ன பாட்டு கேட்குறேன்னு யாரும் நின்னு கேட்கல. 2013-ல கிரேட்டர் மான்செஸ்டர் போலீஸ் இந்த மாதிரித் தாக்குதலையும் வெறுப்புக் குற்றமாப் பதிய ஆரம்பிச்சாங்க. இதை நினைச்சா ‘அதெல்லாம் வெறும் மேக்கப்’னு எனக்கு வாய் வராது.

அதனால பாப்பாவைத் திட்டாதே. முதல்ல நான் சொன்ன பாட்டுகளை நல்ல ஹெட்போன்ல போட்டுக் கொடு, நீயும் பக்கத்துல உட்கார். பிடிச்சா அவ தொடரட்டும், பிடிக்கலேன்னா நகப்பூச்சு தானாப் போயிரும். கறுப்பு பூசுறதுக்கு முன்னால நிறமில்லாத அடிப்பூச்சு ஒரு தடவை பூசச் சொல்லு, இல்லேன்னா நகம் கறைபிடிச்சு மஞ்சளாகும். முகத்துக்கு வெள்ளை பூசவே வேண்டாம். நம்ம நிறத்துமேல அது சாம்பல் பூத்த மாதிரிதான் நிக்கும். நம்ம தோலுக்குக் கறுப்பு மையும் அடர்ந்த சிவப்பும் அப்படியே பொருந்தும். அம்மாகிட்ட, மாமா மலைக்கு மாலை போட்டா அந்த மண்டலம் பூரா கறுப்பு வேட்டிதானேன்னு ஞாபகப்படுத்து. வளைகாப்புக்கு மட்டும் பெரியம்மா மனசுக்காக மெரூன் கட்டிக்கச் சொல்லு, அத்தை சொன்னேன்னு சொன்னா கேட்பா.

போன வாரம் கீழே அந்த டாம் சத்தத்தைக் கேட்டுட்டு இருந்தப்போ சுடலைமாடன் கொடையில நடுராத்திரி உறுமி இழுக்குமே, அதுதான் காதுல வந்துச்சு. நீ நையாண்டி மேளக்காரங்க பின்னால ஓடுவே, நான் உன் சட்டையைப் பிடிச்சுக்கிட்டு வருவேன். படைப்புச் சோறு வாங்க அப்பா நம்மளை வரிசையில நிறுத்துவாங்க. இந்த வருஷம் கொடை என்னிக்குன்னு நீ எழுதவே இல்லையே, அண்ணே. வரியை என் பேர்லயும் கட்டிடு. நான் அங்கே இல்லைங்கறதுக்காக என் பேரை விட்டுடாதீங்க.

இந்த மாசப் பணம் பத்தாம் தேதிக்கு மேலதான் வரும். ஷிப்ட் மாத்திப் போட்டிருக்காங்க, வேற ஒன்னும் இல்ல, அம்மாகிட்ட பெருசாச் சொல்லாதே. பேங்க்ல வச்ச என் வளையலுக்கு வட்டி மட்டும் கட்டித் திருப்பி வை, மீட்க இப்போ அவசரம் இல்ல. அப்பாவோட கண் ஆபரேஷனைத் தள்ளிப் போடாதே, காப்பீட்டு அட்டையில எவ்வளவு வரும்னு ஆஸ்பத்திரியில முன்னாடியே எழுதி வாங்கிக்கோ. கிணத்தடி நிலத்துப் பட்டாவுல சித்தப்பா பேர் இன்னும் இருக்கான்னு தம்பியைத் தாலுகா ஆபீஸ்ல பார்க்கச் சொல்லு. சித்தப்பா கேட்டா என்ன சொல்லணும்னு நீயும் அப்பாவும் முன்னாலயே பேசி வச்சுக்கங்க, அம்மா எதிர்ல வேண்டாம். மதினி மெஷினுக்குப் புது மோட்டார் என்ன விலைன்னு விசாரிச்சு எழுது.

அன்புத் தங்கை